திரும்பி வரும் மெட்டுக்குப் பேரேடு

கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர் காதிலும் கம்பீரநாட்டையில் மல்லாரி விழுந்தால் போதும், சாமி புறப்பட்டாயிற்று என்று எழுந்துவிடுவார். கெட்டிமேளம் கேட்டால் பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கும் தாலி ஏறுவது தெரியும். ஓபராவில், அதாவது பாடியே நடத்தும் ஐரோப்பிய இசைநாடகத்தில், திரும்பத் திரும்ப வரும் மெட்டைப் பிடிக்க இந்தக் காது பாதி தூரம் கொண்டுபோய் விடும். மீதிப் பாதியில்தான் சிக்கல். மல்லாரிக்கான பொருளை நாம் பிறக்கும் முன்பே ஊர் கொடுத்துவிட்டது. ஓபராவின் மெட்டோ வெறுங்கையோடு மேடைக்கு வருகிறது. முதல் தடவை அது ஒலித்தபோது யார் நின்றார், என்ன சொன்னார், எதை மறைத்தார் என்பதெல்லாம் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை அந்தப் பாரத்தோடு வரும்.

ஜெர்மன்காரர்கள் இதை லைட்மோட்டிஃப் என்பார்கள். இங்கே மீள்மெட்டு என்று வைத்துக்கொள்வோம். கதாநாயகன் கார் கதவைத் திறந்ததும் அலறும் சினிமா பிஜிஎம் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அது ஆள் வந்துவிட்டார் என்று மட்டும் சொல்லும். நல்ல மீள்மெட்டு ஆள் இல்லாதபோதுதான் அதிகம் பேசும்.

கீழே உள்ளது கேட்கிறவர், படிக்கிறவர், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சொந்தமாக நாடகம் போடுகிறவர் மூவருக்கும் பொதுவான வேலைமுறை. கருவி ஒன்றே ஒன்று: செட்டிநாட்டுக்காரருக்குச் சொல்லித்தர வேண்டாத கணக்கு எழுதும் பழக்கம்.

காதைத் திருத்துவது

நம் காதுக்கு முதலில் தெரிவது ராகம். நாலு சுரம் கேட்டதும் "மோகனம்" என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகிவிடுவோம். ஓபராவில் இது காலை வாரிவிடும். ஒரே மெட்டு முதல் அங்கத்தில் ஒரு ராகச் சாயலிலும் மூன்றாம் அங்கத்தில் வேறொன்றிலும் வரும். ராகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர் இரண்டாவதைத் தவறவிடுவார். மாறாமல் நிற்பவை இரண்டு: தாளத்தின் வெட்டு, ஏறி இறங்கும் வடிவம். எனவே முதலில் மெட்டைப் பாடாதீர்கள், தொடையில் தட்டுங்கள். பிறகு காற்றில் விரலால் கோடு இழுங்கள்: எங்கே தாவுகிறது, எங்கே படியாக இறங்குகிறது, எங்கே நிற்கிறது. சுரம் கடைசியில் வரட்டும்.

இன்னொரு வழுக்கல், நம் சங்கீதப் பழக்கத்தை அவர்கள் மெட்டின்மேல் ஏற்றுவது. பிஸேயின் 'கார்மென்' 1875-இல் பாரிஸில் அரங்கேறியது. அதில் விதியின் மெட்டு என்று சொல்லப்படுவதை நம் சுரத்தில் எழுதினால் மேல்ஸ்தாயி ச-வில் தொடங்கி ச நி த நி ப; காகலி நிஷாதம், சுத்த தைவதம். அதாவது மாயாமாளவகௌளையின் மேல் பாதி. சரளி வரிசை படித்த குழந்தைக்கு நி-க்கும் த-வுக்கும் நடுவே உள்ள அந்த அகன்ற இடைவெளி விடியற்காலைப் பாட வகுப்பு. அந்தக் காலத்துப் பாரிஸ் காதுக்கோ அது அந்நியம், அபாயம். கார்மென் என்ற பெண் ஹோசே என்ற சிப்பாயின்மேல் பூவை எறியும்போது இது வருகிறது. கத்திக்குத்தில் முடியும் கடைசிக் காட்சியிலும் வருகிறது. "நமக்கு இது மங்களமாகக் கேட்கிறதே" என்று குழம்ப வேண்டாம். பொருளை ராகத்தில் தேடாமல் பூ விழுந்த நொடியில் தேடுங்கள்.

தமிழில் நிலைத்த பொருளுக்குப் பஞ்சமில்லை. திணைக்கொரு யாழும் பறையும் பண்ணும் வகுத்து வைத்தவர்கள் நாம். நீலாம்பரி என்றால் தாலாட்டு, முகாரி என்றால் அழுகை என்று பழகியவர்கள். அந்தப் பழக்கத்தைக் கொஞ்ச நேரம் முகப்புத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும். போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

சிட்டை, பேரேடு, ஐந்தொகை

கோடு போட்ட நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. ஓபராவை வசன வரிகள் ஓடும் வீடியோவாகக் கேளுங்கள். வெறும் ஒலித்தட்டு பின்னால் வரட்டும். ஒரே உட்காரலில் முழுதும் கேட்டு முடிக்கும் வீராப்பு வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூன்று தடவை: முதல் தடவை திரையைப் பார்க்காமல், இரண்டாம் தடவை வரிகளைப் படித்துக்கொண்டு, மூன்றாம் தடவை எழுதிக்கொண்டு.

சிட்டையில் வருகிற வரிசையிலேயே பதியுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஐந்து கட்டம்: மணி-நிமிடம், மேடையில் யார், எந்த வாத்தியம் அல்லது குரல், முன்பு கேட்டதிலிருந்து என்ன மாறியது, அதே நொடியில் பேசப்பட்ட சொல் என்ன. கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மற்ற நான்கும் வெறும் புள்ளிவிவரம்.

ஒரு அங்கம் முடிந்ததும் சிட்டையிலிருந்து பேரேட்டுக்குப் பெயர்த்து எழுதுங்கள். மெட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலைப்பு இங்கே முக்கியம்: "காதல்", "சாபம்", "சுதந்திரம்" என்று பொருளைத் தலைப்பாக வைக்காதீர்கள். முதலில் கேட்ட இடத்தை வையுங்கள்: "ஆற்றடியில் பெண் பாடியது", "பெட்டி திறந்தபோது ஹார்ன்" (ஹார்ன் என்பது வளைந்த பித்தளை ஊதுகுழல்). ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'ரிங்' என்ற நான்கு தொடர் ஓபராக்களுக்கு 1876-லேயே ஹான்ஸ் ஃபான் வோல்ட்சோகன் ஒரு மெட்டு வழிகாட்டி வெளியிட்டார். ஒவ்வொரு மெட்டுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டும் வழக்கம் அதிலிருந்து பரவியது. வசதிதான். ஆனால் சீட்டு ஒட்டியதும் காது வேலையை நிறுத்திவிடும்.

சீட்டு பொய்த்துப்போகும் இடத்துக்குச் சிறந்த உதாரணம் அந்த நாடகங்களிலேயே இருக்கிறது. முதல் ஓபராவான 'ரைன்கோல்ட்'டில் நீர்மகள் வோக்லிண்டா, காதலைத் துறப்பவனால்தான் இந்தப் பொன்னை மோதிரமாக்க முடியும் என்று ஒரு துயரமான மெட்டில் பாடுகிறாள். வழிகாட்டிகள் இதற்கு வைத்த பெயர் "காதல் துறப்பு". அடுத்த ஓபராவான 'வால்கியூர'வில் சீக்முண்ட் மரத்தில் செருகியிருந்த வாளை உருவுகிறான்; அப்போது அவன் பாடுவது இதே மெட்டு. அவன் எதையும் துறக்கவில்லை, காதலுக்குள் தலைகுப்புற விழுந்துகொண்டிருக்கிறான். பெயர்ச்சீட்டுக்காரர் இங்கே திணறுவார். "பொன்னை எடுக்க என்ன விலை என்று சொன்ன இடம்" என்று எழுதி வைத்தவருக்குத் திணறல் இல்லை. இங்கும் ஒருவன் ஒன்றை எடுக்கிறான், விலை பின்னால் வரப்போகிறது. இதுவே முடிந்த முடிவு என்று சொல்ல வரவில்லை. அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இடத்தைத் தலைப்பாக வைத்தவருக்கு அந்தச் சண்டையில் உட்கார ஒரு நாற்காலி கிடைக்கும்.

ஓபரா முழுதும் முடிந்தபின் ஐந்தொகை. எந்தப் பக்கம் தீர்ந்தது, எது நிலுவையில் நிற்கிறது என்று பாருங்கள். 'வால்கியூர'வின் மூன்றாம் அங்கத்தில் சீக்லிண்டா நன்றியோடு ஒரு பரந்த மெட்டைப் பாடுகிறாள். ஒரே ஒரு வரவு. மூன்றாம் ஓபரா முழுக்க அது வராது. நான்காவதான 'கோட்டர்டாமருங்'கின் முடிவில், சிதை எரியும் காட்சியில்தான் திரும்புகிறது. எல்லாம் அழிந்தபின் வயலின்கள் கடைசியாக வாசிப்பதும் அதைத்தான். பக்கத்தில் ஒற்றைப் பதிவோடு அத்தனை மணி நேரம் காத்திருந்த கணக்கு அங்கே நேராகிறது. பேரேடு போடாதவருக்கு அது அழகான முடிவு. போட்டவருக்குத் தொண்டை அடைக்கும்.

எதிலிருந்து தொடங்குவது

ரிங்கிலிருந்து தொடங்காதீர்கள். நான்கு ஓபரா, ஏறக்குறைய 15 மணி நேரம். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியிடமிருந்து தொடங்குங்கள்.

'ரிகொலெட்டோ' (1851), மூன்றாம் அங்கம் மட்டும் போதும், முக்கால் மணிக்கும் குறைவு. பெண்ணின் மனம் காற்றில் ஆடும் இறகு என்று ஒரு சத்திரத்தில் பிரபு குதூகலமாகப் பாடுகிறான். உலகமே முணுமுணுக்கும் மெட்டு. பிறகு தூக்கக் கலக்கத்தில் அதையே அரைகுறையாக முனகுகிறான். கடைசியில் பிரபுவின் அரண்மனை விதூஷகன் ரிகொலெட்டோ, கூலி கொடுத்துக் கொல்லச் சொன்ன பிரபுவின் உடல் என்று நம்பி ஒரு சாக்கை ஆற்றில் தள்ளப்போகும்போது தூரத்தில் அதே பாட்டு கேட்கிறது. பிரபு உயிரோடு இருக்கிறான். அப்படியானால் சாக்கில் யார்? ரிகொலெட்டோவின் சொந்த மகள். கவனிக்க வேண்டியது: மெட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. பேரேட்டின் "என்ன மாறியது" கட்டத்தில் "ஒன்றுமில்லை" என்றுதான் எழுதுவீர்கள். அந்த ஒன்றுமில்லைதான் இடி.

'லா திராவியாட்டா' (1853). முதல் அங்கத்தில் ஆல்ஃபிரெடோ தன் காதலைச் சொல்லும் அகன்ற மெட்டு ஒன்று. மூன்றாம் அங்கத்தில் சாகக்கிடக்கும் வயோலெட்டா ஒரு கடிதத்தை வாசிக்கிறாள். பாடவில்லை, வெறும் பேச்சுக் குரல். அந்த மெட்டை வாத்தியம் மெல்ல வாசிக்கிறது. பாடும் நாடகத்தில் ஒருத்தி பாடுவதை நிறுத்திவிட்டாள், மெட்டு மட்டும் அவளுக்காகப் பாடுகிறது. மெட்டு நினைவாக மாற மிக எளிய வழி இப்படிக் குரலிலிருந்து வாத்தியத்துக்கு மாறுவதுதான். சொந்த நாடகத்துக்கு முதலில் திருட வேண்டியதும் இதுவே.

மூன்றாவதாக ரிச்சர்ட் ஷ்ட்ராவுஸின் 'எலெக்ட்ரா' (1909). முன்னிசை கிடையாது. திரை விலகும்போதே ஆர்க்கெஸ்ட்ரா ஒரு மைனர் கார்டின் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டின்) சுரங்களில் அ-க-மெம்-நான் என்ற நான்கு அசையைக் கூவுகிறது. அகமெம்நான் கொலையுண்ட தகப்பன்; நாடகத்தில் ஒரு தடவைகூட மேடைக்கு வருவதில்லை. ஒன்றே முக்கால் மணி நேரமும் ஆள்வது அவன்தான்.

இவை மூன்றும் கைவந்தபின் 'ரைன்கோல்ட்'. இடைவேளை இல்லாமல் இரண்டரை மணி நேரம். தொடக்கத்தில் 136 பார் (தாள ஆவர்த்தம் போன்ற அளவு) நீளத்துக்கு ஒரே ஈ-ஃபிளாட் கார்டு. அடித்தந்திகள் ஆதார சுருதி போல நிற்க, எட்டு ஹார்ன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கார்டின் சுரங்களான ச, க, ப வழியே மேலே ஏறும். தம்புராவோடு வளர்ந்த காதுக்கு இது வீட்டுக்கு வந்த மாதிரி. ஐரோப்பியர் பலர் பொறுமை இழக்கும் இடத்தில் நாம் சௌகரியமாக உட்கார்ந்துவிடுவோம். இந்த ஏறும் வடிவம் ரைன் நதி. நான்காம் காட்சியில் பூமித்தாய் எர்டா எழுந்து வந்து, இருப்பதெல்லாம் முடியும் என்று எச்சரிக்கும்போது அதே ஏற்றம் வருகிறது. ஆனால் மெதுவாக, அந்தர காந்தாரம் அரைச்சுரம் இறங்கிச் சாதாரண காந்தாரமாகி. அவள் முடிவைப் பற்றிச் சொல்லும் நொடியில் அந்த வடிவம் தலைகீழாகி இறங்குகிறது. நதி, பூமி, அழிவு மூன்றும் ஒரே வடிவம். ஒரு காந்தாரத்தையும் ஏற்ற இறக்கத்தையும் மாற்றியதில் கதை முழுதும் சொல்லியாயிற்று.

முதல் காட்சிக்கும் இரண்டாவதற்கும் நடுவில் உள்ள இசையை ஐந்து தடவையாவது கேளுங்கள். மோதிரத்தின் மெட்டு மரக்குழல்களில் நெளிந்து நெளிந்து வருகிறது. ஹார்ன்கள் அதை வாங்கி மெல்ல நேராக்குகின்றன. திரை தெளியும்போது பித்தளை வாத்தியங்களில் அதே வடிவம் கம்பீரமாக நிற்கிறது. அது தேவர் தலைவன் வோட்டான் கட்டுவித்த வல்ஹல்லா மாளிகை. திருட்டுப் பொன்னும் தேவர் மாளிகையும் ஒரே மண்ணில் பிசைந்தவை. அந்த மாளிகையைக் கட்டிய அரக்கர்களுக்குக் கூலி பாக்கி வேறு. அந்த பாக்கியிலிருந்துதான் மீதிக் கதை ஓடுகிறது. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் வைத்துக் கட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்து இதைக் கேட்பவர், எந்தக் கடையின் எந்த வரவில் எந்தத் தூண் எழுந்தது என்று ஒரு நிமிடம் மேலே பார்க்காமல் இருக்க முடியாது.

எழுத்தில் மெட்டு ஒலிப்பது எப்படி

நாவலுக்கு வாத்தியம் இல்லை. மெட்டை வர்ணிக்கத் தொடங்கினால் "தேன்போல் இனித்தது" என்ற பள்ளத்தில் விழ வேண்டியதுதான். தேர்ந்தவர்கள் வேறு வழியில் போகிறார்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் பிரூஸ்ட் 1913-இல் வெளியிட்ட, 'இழந்த காலத்தைத் தேடி' நாவலின் முதல் பாகத்தில் வாந்த்தெய் என்ற கற்பனை இசைஞரின் சொனாட்டாவிலிருந்து ஒரு சிறு வரி. ஸ்வான் அதை ஒரு விருந்தில் முதலில் கேட்கிறான். பிறகு ஒதெத்தோடு பழகும் வீட்டில் அது அவர்கள் காதலின் தேசிய கீதம் போல ஆகிவிடுகிறது. காதல் கசந்தபின் வேறொரு வீட்டுக் கச்சேரியில் எதிர்பாராமல் அது வந்துவிடுகிறது. தடுத்துக்கொள்ளும் முன்பே பழைய சந்தோஷ நாட்கள் மொத்தமும் மேலே கொட்டிவிடுகின்றன. நமக்கு அந்த மெட்டின் ஒரு சுரமும் தெரியாது. அது ஒலித்த அறைகள் தெரியும், அது போதும். எழுதுபவர் இதிலிருந்து எடுக்க வேண்டிய விதி: மெட்டை அல்ல, மெட்டு கேட்டபோது கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை எழுதுங்கள்.

தாமஸ் மன்னின் 'புடன்புரோக்ஸ்' (1901) செட்டிநாட்டு வாசகருக்கென்றே எழுதியது போலிருக்கும். லூபெக் நகரத்து வணிகக் குடும்பம், நாலு தலைமுறை, பெரிய வீடு, கடைசியில் வீடு விற்பனை. அங்கே திரும்பித் திரும்பி வருவது ஒரு நோட்டு: குடும்பத்தின் பிறப்பு, கல்யாணம், இறப்பு பதியும் ஏடு. தகப்பன் மகள் பிறந்ததை எழுதுகிறார். பின்னால் மூத்த மகள் டோனி, மனம் ஒப்பாத கல்யாணத்துக்குச் சம்மதித்து, தன் நிச்சயத்தைத் தானே அதில் எழுதிக்கொள்கிறாள். அதற்கும் பின்னால், சின்னப் பையன் ஹான்னோ தன் பெயருக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு இழுத்துவிடுகிறான். ஏன் என்று அப்பா அதட்ட, இனி எதுவும் வராது என்று நினைத்தேன் என்கிறான். பேரேட்டில் இரட்டைக் கோடு எப்போது போடுவார்கள் என்று தெரிந்தவருக்கு விளக்கவுரை தேவையில்லை. பொருள் அதே, கை மட்டும் மாறுகிறது. மூன்றாம் தடவை இடி இறங்குகிறது. மூன்று என்ற எண்ணிக்கையை மனதில் வையுங்கள்: இரண்டு தடவை பழக்க, ஒரு தடவை உடைக்க.

நம்மிடம் இதற்கு முன்னோடி சிலப்பதிகாரம். சிலம்பு ஒலிக்கும் பொருள்; ஆனால் கோவலன் மாதவியிடம் போனபின் அது கண்ணகி காலில் இல்லை. ஒலி இல்லாததாக அறிமுகமாகும் ஒலி. பொருளெல்லாம் தொலைத்துத் திரும்பி வந்தவனிடம் "சிலம்பு உள கொண்ம்" என்கிறாள். மதுரையில் அது திருட்டுக் குற்றமாகிறது. கடைசியில் பாண்டியன் அவையில் உடைக்கப்படும்போது, அரசியின் சிலம்பில் முத்து, இதில் தெறிப்பது மாணிக்கம். உள்ளே இருக்கும் பரல்தான் ஒலியைத் தருவது, அதுவே சாட்சியாகிறது. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் சிலம்பு வரும் காதைகளை மட்டும் வரிசையாக எடுத்துப் பேரேட்டில் ஒரு பக்கம் போட வைத்துப் பாருங்கள். ஒரு வகுப்பு போதும்.

சொந்த நாடகத்துக்கு மீள்மெட்டு நெய்வது

உதாரணத்துக்கு 90 நிமிட நாடகம். அப்பச்சி (அப்பா) ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகத்துக்கு, போனவர்; 1942-இல் ஜப்பான்காரன் வந்தபின் திரும்பவில்லை. வீட்டில் ஆச்சி. இறுதியில் தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. மீள்மெட்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். நாலாவது வந்ததும் பார்ப்பவர் எதையும் பின்தொடர மாட்டார்.

முதல் மெட்டு, வீட்டுக்கு. எட்டு அட்சரம்: ச ப , ம க ரி க , . சங்கராபரணச் சுரங்கள். தாவல் ஒன்று, படியிறக்கம் ஒன்று, முடிவில் காந்தாரத்தில் நிற்பு. அட்சரத்துக்கு அரை நொடி என்றால் மொத்தம் நாலு நொடி. இதைவிட நீண்டால் அது பாட்டு, மீள்மெட்டு அல்ல. ஹார்மோனியத்தில் ஒரு கட்டைச் சுருதியில் எல்லாம் வெள்ளைக் கட்டை. க-வை மட்டும் சாதாரண காந்தாரமாக்கினால் கரகரப்பிரியா நிறம், வீடு சோர்கிறது. க-வைப் பழையபடி விட்டு ரி-யைச் சுத்த ரிஷபமாக்கினால் மாயாமாளவகௌளை. ரி, க இரண்டையும் இறக்கினால் தோடி. இரண்டே விரல் மாற்றத்தில் நாலு முகம். வடிவம் தாவி இறங்குவது மாறாததால் காது பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, அப்பச்சிக்கு. அவர் வரப்போவதில்லை, அதனால் சுரமே கொடுக்க வேண்டாம், தாளம் மட்டும்: தகிட தகிட தக. மூன்றும் மூன்றும் இரண்டும் எட்டு. முதல் மெட்டும் எட்டு. வேண்டும்போது ஒன்றன்மேல் ஒன்று வைக்கலாம். அப்படி வைப்பது நாடகத்தில் ஒரே ஒரு தடவை, அவர் பெயரில் கடைசித் தபால் வரும் இடத்தில். அதற்கு முன் ஆசைப்பட்டு வைத்துவிட்டால் தபால் காட்சி செத்துவிடும்.

மூன்றாவது இசையே இல்லை: ஆச்சி இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம். நடக்கும்போது நிஜமாகவே கேட்கட்டும். இறுதிக் காட்சியில் ஆச்சி நடக்கிறார், சத்தம் இல்லை.

வைப்பு முறை. முதல் மெட்டு முதல் பத்து நிமிடத்துக்குள் இரண்டு தடவை, வசனம் ஏதும் மேலே ஏறாமல், தனியாக ஒலிக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் பிடித்தவர்கள் பின்னால் எவ்வளவு நுணுக்கம் செய்தாலும் வீண். தெரியாததை யாரும் நினைவுகூர முடியாது. பிறகு கால் மணிக்கு ஒன்று போதும். மொத்தம் ஆறு, எட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: வாத்தியம், அல்லது வேகம், அல்லது காந்தாரம், அல்லது நீளம். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் புது மெட்டு என்று நினைப்பார்கள். கேட்பவர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறாரா என்று சந்தேகமா, பாதியில் ரி-யில் நிறுத்திப் பாருங்கள். ஒத்திகையில் புதிதாக வந்து உட்கார்ந்தவர் அரை நொடி நிமிர்ந்தால் மெட்டு ஊறிவிட்டது என்று பொருள். நிமிரவில்லை என்றால் முதல் பத்து நிமிடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

மெட்டு ஒரு தடவையும் ச-வில் வந்து முடியவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை முடிவுக்கென்று வைத்திருக்கிறோம். வாக்னர் 'டிரிஸ்டன்' (1865) முன்னிசையின் தொடக்கத்தில் தீராமல் விட்ட கார்டைத் தீர்த்து வைப்பது கடைசிப் பக்கத்தில்தான்; சில மணி நேரம் ஒரே ஏக்கத்தில் ஆளைக் கட்டிப்போட அது ஒன்றே போதுமாயிருந்தது. இங்கே கதவு வண்டியில் ஏறியதும் ச ப , ம க ரி ச , . ஒரே ஒரு சுரம் மாற்றம். அதற்குமேல் ஹார்மோனியக்காரர் எதுவும் வாசிக்கக் கூடாது.

எங்கே கெடும்

சுருதியில். நாதஸ்வரத்தின் சுருதியை மேடையில் மாற்ற முடியாது. நீண்ட வகையான பாரி நாயனம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் இருக்கும், குட்டையான திமிரி நாலுக்கு மேல். ஒத்திகைக்கு முன்பே வாத்தியக்காரரிடம் கேட்டு ஹார்மோனியம், வயலின் இரண்டையும் அங்கே கொண்டுபோங்கள். ஹார்மோனியம் ஒரு கட்டையிலும் நாயனம் இரண்டரையிலும் வாசித்தால் வடிவம் ஒன்றாக இருந்தும் பாமர காதுக்கு ஒட்டாது.

கமகத்தில். தோடி காந்தாரத்தை ஆட்டாமல் வாசிக்க நல்ல வித்வானுக்குக் கை கூசும். ஆட்டினால் படியிறக்கம் கரைந்து, மெட்டு ராகமாகிவிடும். மீள்மெட்டு வரும் இடங்களில் மட்டும் சுரத்தை நேராக நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டத் தெரியாத ஹார்மோனியம் இங்கே மட்டும் உத்தமப் பிள்ளை.

இடத்தில். வளவு (நடுமுற்றம்) திறந்த வீட்டிலேயே நாடகம் போட்டால், வழவழவென்று மெழுகிய சுவரும் கல் தரையும் ஒலியை எறிந்து விளையாடும். தவிலின் தகிட தகிட தக, வேகம் கூடினால் உருட்டலாகக் கலந்துவிடும். வேகத்தைக் குறைத்து, வலந்தலைப் பக்கத்து அடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாயனமும் தவிலும் முகப்பில் இருக்கட்டும், பட்டசாலைக்குள் கொண்டுவந்தால் ஆச்சியின் வசனம் போய்விடும். சாவிக்கொத்துக்கு மைக் வைக்காதீர்கள். பித்தளைச் சாவி ஏழெட்டு, இரும்பு வளையம்; கல் தரையில் அந்தச் சத்தம் கடைசி வரிசை வரை போகும். களிம்பேறிய சாவியைப் புளி போட்டுத் தேய்த்து வையுங்கள்.

சங்கதியில். நாலாம் தடவை மெட்டு வரும்போது வாசிப்பவர் தன்னையறியாமல் ஒரு சங்கதி சேர்ப்பார், ஐந்தாம் தடவை இன்னொன்று. கச்சேரியில் அது வளர்ச்சி. இங்கே கதையில் ஒன்றும் நடக்காதபோது மெட்டு மட்டும் மாறினால், பார்ப்பவர் இல்லாத திருப்பத்தைத் தேடத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு வரவுக்கும் சுரத்தை எழுதி, பக்கத்தில் வசனத்தின் கடைசிச் சொல்லையும் எழுதி, தாளை வாத்தியக்காரர் முன் ஒட்டிவிடுங்கள். பெரிய எழுத்தில், வளவில் விளக்கு குறைவாகத்தான் இருக்கும்.